டென்னசியின் விலங்கு வதைப் பட்டியலில் யார் இல்லை?

நாயையோ பூனையோ ஒருவர் கொடுமைப்படுத்தும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கினால், இரண்டாவது நாளே ஒரு கோரிக்கை வந்துவிடும்: "இவனுங்க மூஞ்சியை எல்லாம் ஒரு லிஸ்ட் போட்டு வைக்கணும், ஊர்ல எவனும் இவனுக்கு நாய் குடுக்கக் கூடாது." 2016 ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிந்த வீடியோ வந்தபோதும் இதைத்தான் கேட்டோம். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் லிஸ்ட் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அதே 2016இல், ஜனவரி 1 முதல், நாம் கேட்ட அந்த லிஸ்ட்டை ஓர் அமெரிக்க மாநிலம் உண்மையிலேயே நடத்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். டென்னசி மாநிலம். அமெரிக்காவில் மாநில அளவில் அதுதான் முதல் பதிவேடு.

பதிவேடு நல்லதா கெட்டதா என்று பொதுவாக வாதம் பண்ணி ஒரு இடத்துக்கும் போய்ச்சேர முடியாது. அதனால் டென்னசி சட்டத்தை எடுத்துக்கொண்டு, யார் பெயர் அதற்குள் வருகிறது, யார் பெயர் எந்த இடத்தில் நழுவுகிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது. நீதிமன்றத்தில் ஒருவர் விலங்கு வதைக் குற்றவாளி என்று தீர்ப்பானதும், தீர்ப்பு நகலையும் அவருடைய பிறந்த தேதியையும் நீதிமன்ற எழுத்தர் 60 நாளுக்குள் மாநிலப் புலனாய்வு அமைப்புக்கு (டி.பி.ஐ. என்பார்கள்) அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் இணையதளத்தில் புகைப்படம், முழுப்பெயர், அதே பெயருள்ள வேறு ஒருவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தேவையான அடையாள விவரங்கள் ஆகியவற்றைப் போடுவார்கள். சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிம எண் போன்றவை வெளியே வரக்கூடாது. முதல் தடவை என்றால் தீர்ப்பு நாளிலிருந்து 2 வருடம் பெயர் இருக்கும். மறுபடியும் மாட்டினால் 5 வருடம். தண்டனைப் பதிவை நீதிமன்றமே அழித்துவிட்டால் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள்.

டென்னசிக்கு இதெல்லாம் புதுசு கிடையாது. பாலியல் குற்றவாளிகள் பட்டியலை இதே டி.பி.ஐ. நடத்துகிறது. 2005இல் மெத் என்ற போதைப்பொருள் தயாரித்தவர்களுக்கும் ஒரு பட்டியல் தொடங்கினார்கள். பதிவேடு போடுவது அந்த ஊருக்குக் கைவந்த பழக்கம், அதனால் விலங்குக்கும் ஒன்று என்று வந்தபோது யாருக்கும் அது விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

யோசனை மட்டும் டென்னசியில் பிறந்ததில்லை. நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் சஃபோக் கவுண்டி இருக்கிறது (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). அங்கே ஒரு பெண் தன் வளர்ப்புப் பிராணிகளைக் கொன்று கொல்லைப்புறத்தில் புதைத்தார், அதைத் தன் பிள்ளைகளையே பார்க்க வைத்தார் என்று 2009இல் ஒரு வழக்கு வந்தது. ஊரே கொதித்தது. 2010 அக்டோபரில் கவுண்டி சபை ஒருமனதாகப் பதிவேட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது, கொண்டுவந்தவர் ஜான் கூப்பர் என்ற உறுப்பினர். தண்டனை பெற்றவர் தானாகவே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும், 5 வருடம் பெயர் இருக்கும், பட்டியலை நடத்துகிற செலவுக்கு அவரே வருடத்துக்கு 50 டாலர் கட்ட வேண்டும், பதிவு செய்யாமல் டிமிக்கி கொடுத்தால் 1,000 டாலர் அபராதம் அல்லது சிறை. அமெரிக்காவிலேயே இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். பட்டியலில் இருப்பவருக்கு விலங்கு விற்கக் கூடாது என்று அப்புறம் இன்னொரு சட்டமும் போட்டார்கள். பக்கத்துக் கவுண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

அதே 2010இல் கலிபோர்னியாவிலும் டீன் ஃப்ளோரஸ் என்ற செனட்டர் மாநிலம் முழுவதற்கும் பதிவேடு கேட்டார். செலவுக்கு வழி? செல்லப்பிராணி உணவில் பவுண்டுக்கு இரண்டு மூன்று சென்ட் வரி. நாய் வளர்க்கிற அத்தனை பேரும், நாயைச் சித்திரவதை செய்கிற கொஞ்சப் பேருடைய போட்டோவை இணையத்தில் ஏற்ற வரி கட்ட வேண்டும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? மசோதா படுத்துவிட்டது. டென்னசிக்காரர்கள் இதில் கொஞ்சம் புத்திசாலிகள் என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே பட்டியல் நடத்துகிற ஒரு அமைப்பிடம் இன்னொரு பட்டியலைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டார்கள். 2015இல் சட்டம் நிறைவேறியது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

டென்னசியில் 95 கவுண்டிகள், ஏறக்குறைய 70 லட்சம் ஜனங்கள். அத்தனை பெரிய மாநிலத்தில் அந்தப் பட்டியல் எப்போதுமே மிகச் சிறியதாகத்தான் இருந்து வந்திருக்கிறது. டென்னசிக்காரர்கள் விலங்குகளிடம் அவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பட்டியலுக்குள் நுழைகிற வாசல் அவ்வளவு குறுகல்.

எல்லா வதையும் கணக்கில் வராது. சாதாரண வதை, அதாவது அடிப்பது, சோறு தண்ணீர் போடாமல் கட்டிவைப்பது, வெயிலிலும் பனியிலும் போட்டுவிட்டுப் போவது எல்லாம் டென்னசியில் சிறுகுற்றம். அதிகபட்சத் தண்டனை 11 மாதம் 29 நாள். ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைச்சல் என்பது தற்செயல் இல்லை, ஒரு வருடமும் அதற்கு மேலும் போனால் அது பெருங்குற்றக் கணக்கு. பட்டியலுக்கு வருவது 'கொடூர வதை' என்று தனியாக எழுதி வைத்திருக்கிற பெருங்குற்றம், பெருங்குற்றமாகிற அளவுக்கு விலங்குச் சண்டை நடத்துவது, விலங்கோடு பாலியல் குற்றம் ஆகியவைதான். கொடூர வதை என்று நிரூபிக்க, பதிவேட்டுச் சட்டம் வந்த காலத்துச் சட்ட வாசகப்படி, செய்தவனுக்கு அதில் வக்கிரமான குரூரம் இருந்தது என்று காட்ட வேண்டும். பட்டினி போட்டுச் சாகடித்தாலும், சாகக் கிடக்க விட்டாலும் அதற்குள் வரும் என்று எழுதியிருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அதை நிரூபிப்பது என்ன பாடு என்று கொஞ்சம் பாருங்கள்.

சங்கிலியில் செத்துக் கிடக்கும் நாய் ஒன்று. சொந்தக்காரர் சொல்வார், "சாப்பாடு போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், ஏதோ நோய் வந்து இளைச்சுப்போச்சு." விலா எலும்பு தெரிகிறது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று போட்டோ எடுத்தால் போதாது, நோயிலும் நாய் அப்படித்தான் ஆகும். அதனால் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். உடம்பு பட்டினி கிடக்கும்போது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை முதலில் எரிக்கும், பிறகு குடலைச் சுற்றியும் இதயத்தைச் சுற்றியும் உள்ளதை, கடைசியாகத்தான் எலும்பு மஜ்ஜையில் உள்ள கொழுப்பில் கை வைக்கும். தொடை எலும்பை உடைத்துப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டிய மஜ்ஜை கூழ் மாதிரி கொழகொழவென்று இருக்கும். அதில் எத்தனை சதவீதம் கொழுப்பு மிச்சம் என்று ஆய்வகத்தில் அளக்கலாம். இரைப்பையைத் திறந்தால் சில சமயம் மண், துணி, பிளாஸ்டிக் துண்டு, மரச்சில்லு எல்லாம் இருக்கும். பசியில் சங்கிலிக்கு எட்டிய தூரத்தில் இருந்ததையெல்லாம் தின்றிருக்கிறது. இன்ன நோய் இருக்கவில்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கவும் வேண்டும். இத்தனையும் செய்ய மருத்துவரும் ஆய்வகமும் பணமும் வேண்டும். அங்கே கிராமப்புறக் கவுண்டிகள் பலவற்றில் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவே கிடையாது, ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகத்தில் இருக்கிற ஒரு டெபுடி மற்ற வேலைக்கு நடுவே இதையும் பார்ப்பார்.

நாய் உயிரோடு மீட்கப்பட்டால் இன்னொரு தலைவலி. வழக்கு முடிகிறவரை அது சாட்சிப் பொருள். தத்துக் கொடுக்க முடியாது, காப்பகத்தில் வைத்துச் சோறு போட வேண்டும். ஒரே வீட்டில் 60 நாய் பிடித்தார்கள் என்றால் காப்பகம் திவாலாகிவிடும். அரசு வழக்கறிஞர் என்ன செய்வார்? எதிர்த்தரப்பு வக்கீல் வந்து, "சிறுகுற்றம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், என் கட்சிக்காரர் இன்றைக்கே ஒப்புக்கொள்கிறார், நாய்களையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்" என்றால், நான் அந்த இடத்தில் இருந்தாலும் சரி என்றுதான் சொல்வேன். நாய்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்தக் கையெழுத்தோடு அந்த ஆள் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார். இந்த இடத்தில் தவறு செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை என்பதுதான் எரிச்சலான விஷயம். பெயர் பொதுவெளியில் வரும் என்ற பயம் இருந்தால், பேரம் பேசிக் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள ஆசை இன்னும் கூடும், குறையாது.

இது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது, நாலு கால் உள்ளது.

பதிவேட்டுச் சட்டம் 'விலங்கு' என்று சொல்வது செல்லப்பிராணியை மட்டும்தான். கால்நடை எதுவும் சேராது. கால்நடை என்றால் என்ன என்பதற்கு டென்னசி சட்டத்தில் விளக்கம் இருக்கிறது: உணவுக்கோ நாருக்கோ வளர்க்கிற மாடு, ஆடு, பன்றி, கோழி, அதோடு குதிரை இனம் முழுவதும். குதிரை முழுவதும்! டென்னசியில் குதிரையை விட்டுவிட்டு விலங்கு வதை பற்றிப் பேசுவது, சிவகாசியில் பட்டாசை விட்டுவிட்டுத் தீ விபத்து பற்றிப் பேசுவது மாதிரி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டென்னசி வாக்கிங் ஹார்ஸ் என்று ஒரு இனம், அந்த மாநிலத்தின் பெருமை. ஷெல்பிவில் என்ற ஊரில் வருடா வருடம் பெரிய போட்டி நடக்கும். அங்கே குதிரை முன்னங்காலை மார்பு வரை உயர்த்தி உயர்த்தி வைத்து நடக்கும், 'பிக் லிக்' என்பார்கள், பார்த்தால் நடனம் மாதிரி இருக்கும். இயல்பாக எந்தக் குதிரையும் அப்படி நடக்காது. சில பயிற்சியாளர்கள் செய்வது இது: குளம்புக்கு மேலே உள்ள கணுக்காலில் கடுகு எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் போன்ற எரிக்கிற சமாச்சாரத்தைத் தேய்த்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இரவெல்லாம் ஊற வைப்பார்கள். தோல் வெந்து புண்ணாகிவிடும். அதற்கு மேல் சங்கிலி மாட்டினால், ஒவ்வொரு அடிக்கும் சங்கிலி புண்ணில் இடிக்கும், குதிரை வலி தாங்காமல் காலை வெடுக்கென்று தூக்கும். இதுதான் அந்த நடனம். பெயர் சோரிங். பரிசோதகர் காலைத் தொட்டால் குதிரை துடித்துவிடும் என்பதால், துடித்தால் அடி விழும் என்று முன்கூட்டியே பழக்கி, தொட்டாலும் அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பார்கள். இதைத் தடுக்க 1970இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு 40 வருடம் கழித்தும் நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி, 2012 மே மாதம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ரகசிய வீடியோ. டென்னசியில் காலியர்வில் என்ற ஊரில், பெயர் பெற்ற ஒரு பயிற்சியாளரின் தொழுவத்தில், ஹியூமேன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பின் ஆள் உள்ளே போய் எடுத்தது. மத்திய நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்தது 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 75,000 டாலர் அபராதமும்.

அந்த வீடியோவை நாடே பார்த்தது. அது வந்து மூன்றே வருடத்தில் அதே மாநிலத்தின் சட்டமன்றம் விலங்கு வதையாளர் பட்டியல் ஒன்றை எழுதி நிறைவேற்றுகிறது, அதில் குதிரையைச் சித்திரவதை செய்தவருக்கு இடமில்லை. மத்திய நீதிமன்றத் தீர்ப்பு என்பதாலும் வராது, குதிரை என்பதாலும் வராது.

கோழியும் அப்படித்தான். சேவல் சண்டை டென்னசியில் சிறுகுற்றம், நாய்ச் சண்டை பெருங்குற்றம். காலில் கத்தி கட்டி நூறு சேவலைச் சாகவிட்டவர் பெயர் பட்டியலில் வராது. நான் இதில் கள்ளத்தனம் எதுவும் பார்க்கவில்லை, அரசியல் அவ்வளவுதான். பண்ணையாளர்களும் குதிரைக்காரர்களும் எதிர்த்தால் மசோதா சட்டமன்றக் குழுவைத் தாண்டாது. நாய் பூனை என்று சுருக்கினால் எதிர்க்க ஆளில்லை. அப்படிச் சுருக்கிச் சுருக்கி நிறைவேறுகிற சட்டம்தான் கடைசியில் நம் கையில் கிடைக்கிறது.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அனிமல் லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற வழக்கறிஞர் அமைப்பு பல வருடமாகப் பதிவேடுகளுக்காகப் போராடுகிறது. அவர்கள் வாதத்தில் வலுவான பகுதி, விலங்குகளை வதைக்கிறவர் மனிதர்களையும் வதைக்க வாய்ப்பு அதிகம் என்பது. ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. மாசசூசெட்ஸில் விலங்கு வதைக்காக வழக்குப் பதிவான 153 பேரையும், அதே தெருக்களில் வசித்த அதே வயது, அதே பாலினத்தவர் 153 பேரையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வு வந்தது. வதைத்தவர்கள் வன்முறைக் குற்றத்தில் மாட்டுவது மற்றவர்களைவிட 5 மடங்கு. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்: விலங்கில் ஆரம்பித்து மனிதனுக்கு முன்னேறுகிறான் என்ற படிக்கட்டுக் கதைக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. வதை சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால், திருட்டு போதை எல்லாம் கலந்து. அதாவது இவர்கள் பலவிதத்திலும் பிரச்சனையான ஆட்கள். அப்படியானால் காவல்துறைக்கு இந்தத் தகவல் உபயோகம்தான், சந்தேகமே இல்லை. எஃப்.பி.ஐ. 2016 ஜனவரியிலிருந்து தன் தேசியக் குற்றப் புள்ளிவிவரத்தில் விலங்கு வதையை 'இதர' குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் தனிக் குற்றமாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். டென்னசி பட்டியல் தொடங்கிய அதே மாதம். அமைதியாக நடந்த அந்த மாற்றம் டென்னசி இணையப் பக்கத்தைவிடப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஆனால் காவல்துறைக்கு உபயோகம் என்றால் காவல்துறையிடம் இருந்தால் போதுமே, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டோ எதற்கு?

எதிர்ப்பு வந்த இடம்தான் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. குதிரைத் தொழுவத்துக்குள் ஆளை அனுப்பிய அதே ஹியூமேன் சொசைட்டி பதிவேட்டை ஆதரிக்கவில்லை. 2010இலேயே, அப்போதைய தலைவர் வெய்ன் பசெல்லி தன் நிலையை எழுதினார். வதை வழக்குகளில் பெரும்பகுதி தன் சொந்தப் பிராணியைக் கவனிக்காமல் விடுகிறவர்களுடையது, அவர்களுக்கு வேண்டியது உதவியும் கண்காணிப்பும், இணையத்தில் முகத்தைப் போட்டால் அவர்கள் இன்னும் ஒதுங்கி உதவிக்கு வருகிறவர்களையே சந்தேகப்படுவார்கள் என்பது சாரம். ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற இன்னொரு பெரிய விலங்கு நல அமைப்பும் பதிவேட்டில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. மேலே சொன்ன அதே காரணம்தான்: தண்டனை வரை போகிற வழக்கே கொஞ்சம், அதிலும் பாதி பேரத்தில் போய்விடும், அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு இடத்தில் போடலாம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாலியல் குற்றவாளிகள் பட்டியலைப் பற்றி, அதை முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்றான நியூ ஜெர்சியிலேயே 2008இல் ஓர் ஆய்வு முடிந்தது, மறுபடி குற்றம் செய்வது அந்தப் பட்டியலால் குறைந்ததாகத் தெரியவில்லை என்றுதான் அதுவும் சொன்னது. அத்தனை பணமும் போலீஸும் பின்னால் நிற்கிற பட்டியலுக்கே அந்த கதி.

பசெல்லி சொன்னதில் ஒரு வகையினரை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஐம்பது அறுபது என்று பூனை நாய்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பராமரிக்க முடியாமல் வீட்டையே நரகமாக்குகிறவர்கள். அவர்களில் பலர் உண்மையிலேயே தாங்கள் காப்பாற்றுவதாக நம்புகிறவர்கள். ஒரு கவுண்டியில் பிடித்தால் அடுத்த கவுண்டிக்குப் போய் மறுபடி சேர்ப்பார்கள், மீட்பு வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாநிலம் முழுவதற்குமான பட்டியல் உண்மையில் பிரயோஜனப்படக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இவர்கள்தான். ஆனால் இவர்கள் வழக்கு பெரும்பாலும் சிறுகுற்றமாகத்தான் முடியும், டென்னசி பட்டியலுக்கு வராது!

நேர் எதிரான உதாரணம் மைக்கேல் விக். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், 2007இல் விர்ஜீனியாவில் நாய்ச் சண்டை நடத்தியதற்காக மாட்டியவர், 23 மாதம் சிறைத் தண்டனை. அவர் முகத்தை அறிமுகப்படுத்த எந்தப் பட்டியலும் தேவையில்லை, அமெரிக்காவில் ஒரு காப்பகத்தில்கூட அவரைத் தெரியாத ஆள் இருந்திருக்க மாட்டார். அவரை நாய் வாங்கவிடாமல் தடுத்தது என்ன? விடுதலைக்குப் பின் 3 வருட நன்னடத்தைக் காலத்தில் நாய் வைத்திருக்கக் கூடாது என்ற நீதிமன்ற நிபந்தனை. அது 2012இல் முடிந்தது, அதே வருடம் அவர் வீட்டில் நாய் வந்துவிட்டது. வருந்திவிட்டார், மாறிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள், நடிப்பு என்று சிலர். அது கிடக்கட்டும். நாடு முழுக்கத் தெரிந்த முகத்தாலும் முடியாததை ஒரு நீதிபதியின் ஒற்றை வரி மூன்று வருடம் செய்தது, அந்த வரி காலாவதியானதும் தடையும் போய்விட்டது. பிடிபட்ட நாய்களின் பராமரிப்புக்காக ஏறக்குறைய 9,28,000 டாலர் அவரிடமிருந்தே வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டென்னசி ஷெரிஃப் கையில் அப்படி ஒரு கருவி இருந்தால், மேலே சொன்ன பேரத்துக்கு அவசியமே பாதி குறைந்துவிடும்.

டென்னசி சட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். பட்டியலில் இருப்பவருக்கு நாய் விற்கக் கூடாது, தத்துக் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பதிவேட்டுச் சட்டத்தில் இல்லை. காப்பகம் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வதை வழக்கில் நீதிமன்றம் தனியாகப் போடுகிற தடை வேறு பிரிவு. பட்டியல் வெறுமனே இருக்கிறது. பார்க்க நினைக்கிறவர் பார்க்கலாம்.

சனிக்கிழமை மதியம் ஒரு காப்பகத்தின் முன்மேஜையை நினைத்துப் பாருங்கள். வரிசையில் எட்டுக் குடும்பம், குழந்தைகள் குட்டிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கின்றன, உள்ளே கூண்டு நிரம்பி வழிகிறது, இன்று பத்து நாயாவது போனால்தான் திங்கட்கிழமை வருகிறதற்கு இடம். தன்னார்வலர் விண்ணப்பத்தை வாங்குகிறார், ஓட்டுநர் உரிமத்தைப் பார்க்கிறார், கையெழுத்து வாங்குகிறார். இந்த நேரத்தில் அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்து பெயரைத் தேடுவார் என்றால், அது சட்டம் சொன்னதால் தேட வேண்டும், அல்லது தேடுவது அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2014இல் போட்ட சட்டம் இதைப் புரிந்துகொண்டது. அங்கே பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்திருக்காது. காவல்துறை, காப்பகங்கள், செல்லப்பிராணிக் கடைகள் மட்டும் பார்க்கலாம், ஒரு பிராணியைக் கைமாற்றும் முன் பார்த்தாக வேண்டும். வெட்கப்படுத்துவது குறைவு, வேலை அதிகம்.

மிச்சிகன் இன்னும் ஒரு படி சுருக்கமாக முடித்தது. 2012இல் லோகன் என்ற ஹஸ்கி நாயின் முகத்தில் யாரோ பேட்டரி ஆசிட் ஊற்றினார்கள், சில மாதத்தில் அது செத்தது. லோகன் பெயரில் முதலில் கேட்டது பதிவேடுதான். செலவு என்று இழுபறியாகி, கடைசியில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வேறு: மாநிலக் காவல்துறையிடம் ஏற்கெனவே இருக்கிற குற்றப் பின்னணித் தேடலைக் காப்பகங்கள் காசில்லாமல் பயன்படுத்தலாம். புதுப் பட்டியல் இல்லை, போட்டோ இல்லை. இருக்கிற தகவலை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது, செய்தித்தாளில் தலைப்பாக வராது.

புளோரிடாவின் கதை புதுசு. 2024 மே மாதம், பினெல்லஸ் கவுண்டிக் காப்பகத்திலிருந்து தத்துப் போன டெக்ஸ்டர் என்ற நாலு வயது நாய், சில நாளிலேயே ஃபோர்ட் டி சோட்டோ பூங்காவில் தலை வெட்டப்பட்டுக் கிடந்தது. அதன் பெயரில் வந்த சட்டம் 2025 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது, 2026 ஜனவரி 1க்குள் மாநிலக் காவல்துறை பொதுத் தேடல் வசதியோடு தரவுத்தளம் அமைக்க வேண்டும் என்றது. டென்னசியிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது: தண்டனைத் தீர்ப்பு வந்தவர்கள் மட்டும் அல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும், ஒப்புக்கொள்ளாமலும் எதிர்க்காமலும் விட்டவர்களும் உள்ளே வருவார்கள். பேரத்தில் நழுவுகிற வழி ஒன்றை இது கொஞ்சமாவது அடைக்கும்.

என்னைக் கேட்டால் டென்னசி பக்கத்தை மூட வேண்டாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தச் சட்டத்தை மறுபடி எழுத ஒரு மசோதா வந்தால், எத்தனை வருடம் பெயர் இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் நேரத்தைப் போக்காமல், கால்நடை விளக்கத்திலிருந்து குதிரையையும் சேவலையும் வெளியே எடுக்கச் சொல்வேன். அப்புறம், சிறுகுற்றமாகக் குறைத்து ஒப்புக்கொண்டாலும் பிராணி வளர்க்கத் தடை கூடவே வர வேண்டும், அந்தத் தடை காப்பக மேஜையில் ஓட்டுநர் உரிமத்தைத் தட்டினதும் தெரிய வேண்டும் என்பேன். முகம் தெரிய வேண்டியதில்லை, இவருக்குத் தடை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாவது கோரிக்கை ஒருவேளை நிறைவேறலாம். முதலாவது, ஷெல்பிவில்லில் வருடா வருடம் இருக்கைகள் நிரம்புகிறவரை, குழுவைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.